தூக்குக்குண்டு நகர்ந்த கதை: இறக்கைக்கு முந்தின ஆறு மாதம்

நாங்கள் கொட்டிலில் கட்டுகிற சின்ன விமானத்தைப் பற்றி, "இறக்கை வேலை எந்த அளவில் நிற்குது?" என்று கேட்பவர்களுக்கு மாசி மாதத்திலிருந்து ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: இன்னும் தொடங்கவில்லை. கேட்டவர்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். கொட்டிலில் ஒவ்வொரு பின்னேரமும் லைட் எரிகிறது, கொம்பிறசர் ஓடுகிறது, அக்காவும் அத்தானும் நானும் தலை முழுக்க அலுமினியத் தூளோடு வெளியே வருகிறோம். அப்படியிருந்தும் இறக்கை என்று காட்ட ஒன்றும் இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? அந்த ஆறு மாதமும் எங்கே போனது என்பதை எழுதி வைக்கிறேன்.

எனக்கு மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரத்தில் ஒரு சின்ன வேலைத்தலம். லான்ட்மாஸ்டர் திருத்துவது, சூடடிக்கிற மெசினுக்கு வெல்டிங் பிடிப்பது, கேற் அடிப்பது, இதுதான் தொழில். விமானம் பற்றித் தெரிந்ததெல்லாம் அத்தான் சொல்லித் தந்தது. அத்தான் ரொறன்ரோவில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே வீட்டுக் கராஜுக்குள் வைத்து வால் பகுதியைக் கட்டி முடித்தார். ஓய்வு எடுத்ததும் அக்காவோடு ஊருக்கு வந்துவிட்டார். வீட்டுச் சாமான் வந்த கொண்டெய்னருக்குள் மெத்தைக்கும் சலவை மெசினுக்கும் நடுவில் இறக்கைக் கிட்டும், அதாவது இறக்கையைக் கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டியும், வந்தது.

கிட் ஆர்வி வகை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பறக்கக்கூடியது, முழுக்க அலுமினியம். ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் என்பவர் 1973-ல் தொடங்கிய கம்பனியின் தயாரிப்பு. ஆர்வி என்பது அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான். உலகம் முழுக்க 11,000-க்கும் மேற்பட்ட ஆர்விகளை ஆட்கள் தங்கள் கையால் கட்டிப் பறந்திருக்கிறார்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம், "வீட்டில விமானம் கட்டேலுமோ, இது என்ன பைத்தியம்" என்று என்னிடம் கேட்காத ஆள் மாங்குளத்தில் இல்லை. பறப்பதற்கான அனுமதி, பதிவு, கடிதம் எல்லாம் அத்தானின் பகுதி. தனிக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறார். நான் அதற்குள் தலை போடுவதில்லை. பெட்டி இறங்கிய அடுத்த நாளே விதானையாரிடமும் பொலிசிலும் போய் இன்ன சாமான் வந்திருக்கிறது, இன்னதுதான் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு பொலிஸ்காரர் வந்து பெட்டியைப் பார்த்து, பிளேன்டீ குடித்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். "எப்ப முடியும்?" என்றுதான் அவர்களும் கேட்டார்கள்.

இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்பதை வீட்டுக் கூரையை வைத்துச் சொன்னால் ஊரில் எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது. ஸ்பார் என்பது முகட்டு வளை மாதிரி. நீளத்துக்கு ஓடி, பாரம் முழுவதையும் தாங்குகிறது. விலாக்கள் கைமரம் மாதிரி. குறுக்கே நின்று வடிவத்தைக் கொடுக்கின்றன. அதற்கு மேல் தகரம். கூரைத் தகரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே தகரமும் சேர்ந்து பாரம் தாங்குகிறது. தகரத்தைப் பூட்டும் வரைக்கும் எலும்புக்கூட்டைக் கையால் பிடித்து முறுக்கலாம். பூட்டி ரிவெட் (தகடுகளைச் சேர்த்து நசித்து இறுக்கும் சின்ன ஆணி) அடித்தபின் முறுக்கவே முடியாது. அதில்தான் விஷயமே இருக்கிறது: ரிவெட் அடிக்கும் நேரத்தில் எலும்புக்கூடு எப்படி நிற்கிறதோ அப்படியே அது ஆயுளுக்கும் நிற்கும். கோணலாக நின்றால் கோணல்தான்.

சில விமானங்களில் இறக்கையின் நுனியை வேண்டுமென்றே கொஞ்சம் முறுக்கி வைப்பார்கள். எங்கள் இறக்கையில் அது இல்லை. அடியிலும் நுனியிலும் ஒரே அகலம், ஒரே கோணம். இடது இறக்கை ஒரு மாதிரியும் வலது இறக்கை ஒரு மாதிரியும் முறுகியிருந்தால் விமானம் எந்நேரமும் ஒரு பக்கம் சரியப் பார்க்கும், ஓட்டுகிறவர் கை ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஸ்பாரை இரண்டு தூண்களில் கிடையாகப் பூட்டி, இறக்கையைத் தரைக்கு நட்டுக்குத்தாக நிறுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்துப் பார்த்துக் கட்டுவதுதான் முறை.

தூண் நடுவது என் வேலை. எனக்கு இது ஒரு கேற்றைவிடச் சின்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

100 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் இரண்டு எடுத்தேன். அடியில் தட்டு ஒட்டி, கொங்கிறீற் தரையில் றோல் போல்ட் அடித்து இறுக்கினேன். தூணின் மேல் முனையைக் கூரைச் சட்டத்தோடு சேர்த்து இரும்புப் பட்டியால் கட்டினேன். அத்தான் காட்டிய படங்களிலும் அப்படித்தான் இருந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் கராஜுக்குள் கட்டுகிறவர்கள் தரைக்கும் முகட்டுக்கும் இடையில் தூணை இறுக்கிவிடுகிறார்கள். எங்கள் மேசன் அண்ணர் நீர்க்குழாயோடு வந்தார். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு தூணிலும் மட்டம் குறித்துத் தந்தார். அத்தானிடம் லேசர் மட்டம் ஒன்று இருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்ததில் லேசர் கோட்டின் தடிப்பே 2 மில்லிமீற்றர். குழாய்த் தண்ணீரின் விளிம்பு அதைவிடச் சுத்தமாகத் தெரிந்தது. மேசன் அண்ணர் ஒன்றும் சொல்லவில்லை, குழாயைச் சுருட்டிக்கொண்டு சிரித்தபடி போனார்.

ஸ்பாரை உடனே ஏற்றவில்லை. பொன்னிற அனோடைஸ் பூச்சோடு, தொழிற்சாலையிலேயே ரிவெட் அடித்து வந்த ஸ்பார் அது. அதை வைத்துப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதிலுக்கு ஒரு நேரான பொக்ஸ் பாரைக் குறுக்கே பூட்டி, இரண்டு முனையிலும் நூல் தொங்கவிட்டு, நிலத்தில் சுவரொட்டித் தாள் ஒட்டி, குண்டின் நுனி நிற்கும் இடத்தைப் புள்ளி வைத்தேன். காலை ஆறரை மணி. இரண்டும் ஒரே கோட்டில். எனக்கு நல்ல சந்தோசம்.

பின்னேரம் இரண்டு மணிக்குப் பார்த்தேன். உள்பக்கத் தூணின் குண்டு அதே புள்ளியில் நிற்கிறது. கதவுப் பக்கத் தூணின் குண்டு மேற்கே ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். வைகாசி பிறந்து சோளகம் தொடங்கியிருந்தது. கதவைச் சாத்தினாலும் தகர இடுக்கால் காற்று வரும், நூல் ஆடும். குண்டைப் பழைய என்ஜின் ஒயில் வாளிக்குள் இறக்கினேன். ஒயில் ஆட்டத்தைப் பிடித்துவிடும். ஆனால் அப்புறம் குண்டின் நுனி தெரியாது, நூலை வைத்துத்தான் குறிக்க வேண்டும், அதற்காக வாளிக்கு மேல் ஒரு அடிமட்டத்தைக் குறுக்கே பூட்டினேன். ஆட்டம் நின்றது. நகர்ந்தது நகர்ந்ததுதான். இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் பாதி தூரம் திரும்பி வந்திருந்தது. விடியப் பார்த்தால் பழைய புள்ளியில் நல்ல பிள்ளையாக நிற்கிறது.

அடுத்தது தரை. கொட்டில் போடும்போது ஒரு பக்கம் கிறவல் நிரப்பி உயர்த்தினது உண்மை. தரை இறங்கியிருக்கலாம் என்று இரண்டு நாள் மனவருத்தப்பட்டேன். ஆனால் இறங்கின தரை இரவில் திரும்ப ஏறாதே. றோல் போல்ட் தளர்வோ என்று பார்த்தேன், ஒரு சுற்றுக்கூட ஏறவில்லை. அத்தான் இடையில் வந்து, "தம்பி, ஓட்டையெல்லாம் கொம்பியூட்டர் மெசினால குத்தி வந்தது. ஓட்டைக்கு ஓட்டை பூட்டினா இறக்கை தன்ரபாட்டில நேரா வரும்" என்றார். ஓரளவுக்கு உண்மைதான். பழைய கிட்டுகளில் ஒவ்வொரு துளையும் கட்டுகிறவரே அளந்து போட வேண்டியிருந்ததாம். ஆனால் முறுகி நிற்கும் சட்டத்தில் பூட்டினால் துளைக்குள் இருக்கும் மயிரிழை இடைவெளி எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து முறுக்கையும் சேர்த்துத்தான் இறுக்கிவிடும். அதை அத்தானும் ஒத்துக்கொண்டார்.

காரணத்தைப் பிடித்தது மருமகன். கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். சனிக்கிழமை வந்து காலையில் கொட்டிலுக்குள் கதிரை போட்டுப் போன் நோண்டிக்கொண்டிருந்தான். ஒன்பது மணியளவில், "மாமா, உந்தச் சத்தம் எங்கயிருந்து?" என்று கேட்டான். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, பழகிப்போய்விட்டது. தகரக் கூரைக்கு வெயில் ஏறும்போது டக், டக் என்று ஆணிக்கு ஆணி அடிக்கும் சத்தம். அவன் மேலே பார்த்தான், தூணைப் பார்த்தான், கூரையோடு நான் கட்டின பட்டியைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

கொட்டிலின் கிழக்குச் சுவர் புளொக் கல்லால் கட்டியது. மேற்கில் வெறும் இரும்புக் கால்கள். கூரைச் சட்டத்தின் அகலம் 20 அடி. இரும்பு ஒரு மீற்றருக்கு ஒரு பாகை வெப்பத்துக்கு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு நீளுமாம். விடியலுக்கும் நடுப்பகலுக்கும் தகரத்தின் கீழ் 30 பாகை வித்தியாசம் என்று பிடித்தால், 6 மீற்றர்ச் சட்டம் 2 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். கிழக்கே கல்சுவர் விடாது, ஆகவே நீளுவது முழுவதும் மேற்கே. உள்பக்கத் தூண் நின்ற இடத்தில் பின்சுவரும் கல்சுவர் என்பதால் கூரை அங்கே அசையவில்லை. கதவுப் பக்கம் திறப்பு. அங்கே கூரை தன் பாட்டில் போய் வந்தது, நான் கட்டின தூணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. ஒரு தூண் அசைய மற்றது அசையாமல் நிற்பதற்குப் பெயர்தான் முறுக்கு. சோளகம் பலமாக அடிக்கும் நாளில் இதற்கு மேல் கூரையின் ஆட்டமும் சேர்ந்துகொண்டது.

ஒன்றரை மில்லிமீற்றர் தனியாகப் பார்த்தால் சின்ன அளவுதான். காலையில் மட்டம் பார்த்துப் பின்னேரம் ரிவெட் அடிக்கிற ஆளுக்கு அது சின்ன அளவில்லை. ஏன் கோணுகிறது என்று தெரியாமலேயே இரண்டு வருடம் கட்டியிருப்பேன். கனடாக் கராஜில் பலகை முகடும் குளிர்காப்பும் இருக்கும். படத்தில் சரியாக இருந்தது எங்கள் தகரத்துக்குக் கீழே பிழையாகப் போய்விட்டது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது வருடமாகக் கூரை அடிக்கிற எனக்குக் கூரை நகரும் என்று தெரியாதா? தெரியும். தகரத்துக்கு ஆணித்துளையைக் கொஞ்சம் பெரிதாக விடுவதே அதற்காகத்தான். விமானம் என்றவுடன் தெரிந்ததும் மறந்துவிட்டது.

பட்டியை அறுத்தேன். தூணை மேலே ஒன்றோடும் சேர்க்காமல் தனியாக நிற்கச் செய்தேன். அதற்கு அடித்தட்டு போதாது. ஒவ்வொரு தூணுக்கும் சரிவாக இரண்டு முட்டுக்கால், கீழே இரண்டு தூணையும் இணைத்து ஒரு நீளச் சட்டம், ஆங்கில எழுத்து எச்சைப் படுக்கப் போட்ட மாதிரி. வெல்டிங் பிடிக்கும்போது இழுத்துக்கொள்ளும் என்பதால் எல்லா மூலையையும் முதலில் புள்ளி ஒட்டு மட்டும் வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி நிரப்பினேன். ஒரு நாள் ஆறவிட்டு மறுபடி நீர்க்குழாய். அப்புறம் பத்து நாள், காலை ஆறரைக்கும் பின்னேரம் இரண்டுக்கும் புள்ளி வைத்தேன். பத்து நாள் புள்ளிகளும் சேர்ந்து ஒரு மிளகளவு கறுப்பாகத் தாளில் இருக்கிறது. அந்தத் தாளைக் கழற்றிப் பதிவுக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

பதிவுக் கொப்பி பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இப்படிக் கட்டும் விமானத்தின் வேலையில் பாதிக்கு மேல் தொழிலாக அல்லாமல் ஆர்வத்துக்காகக் கட்டுகிறவர்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. கனடாவில் இறக்கையைத் தகரத்தால் மூட முன் ஆய்வாளர் வந்து உள்ளே பார்ப்பார். எங்கே கட்டினாலும் யார், எந்தத் திகதியில், என்ன செய்தார் என்று படத்தோடு எழுதி வைப்பது நல்லது என்று அத்தான் முதல் நாளே ஒரு தடித்த கொப்பியைத் தந்துவிட்டார். அதில் என் கையெழுத்தைப் பார்த்து அக்கா சிரிக்காத நாள் இல்லை.

தூண் வேலை நடக்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. கிட்டைப் பிரித்து எண்ணுவதற்கு மட்டும் ஒரு கிழமை போனது. ரிவெட்டுகள் சின்னக் கடதாசிப் பைகளில் வந்தன. அவற்றை மாஜரீன் டப்பாக்களிலும் பிஸ்கட் தகரங்களிலும் போட்டு அக்கா பெயர் எழுதினாள். இடது இறக்கைச் சாமானுக்குச் சிவப்பு டேப், வலதுக்குப் பச்சை. விமானத்தின் இடது நுனியில் சிவப்பு லைட்டும் வலது நுனியில் பச்சை லைட்டும்தான் எரியும், ஆகவே யாரும் மறக்க மாட்டோம். கண்ணாடியில் பார்த்த மாதிரி இடதும் வலதும் ஒன்றுக்கொன்று எதிர்மாறு. இரண்டு இடது இறக்கைக்கு விலாவைத் தயார் செய்துவிட்டுத் தலையில் கைவைத்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று அத்தான் சொன்னார்.

மேசைக்கு ஓடாவியார் முதிரைப் பலகைதான் வேண்டும் என்று நின்றார். நல்ல மரம்தான், ஆனால் ஐந்தடிப் பலகை எவ்வளவு காய்ந்ததாக இருந்தாலும் மழைக்கு ஒருமாதிரி வெயிலுக்கு ஒருமாதிரி. இரும்புச் சட்டத்துக்கு மேல் தடித்த ஒட்டுப்பலகை போட்டு முடித்தோம். ஓடாவியாருக்கு இன்னும் கோபம்.

விலாக்கள்தான் பொறுமையைச் சோதித்தன. பிரதான விலாக்கள் மட்டும் இரண்டு டசினுக்கு மேல். அச்சில் அழுத்தி எடுத்த அலுமினியத் தகடு அது. சுற்றிவர ஒரு விரல் அகலத்துக்கு விளிம்பு மடிந்திருக்கும். வளைவான விளிம்பை மடக்கும்போது தகடு கொஞ்சம் மிஞ்சிப் போகும், அந்த மிச்சம் விலாவை வாழைமட்டை மாதிரி வளைத்துவிடும். மேசையில் வைத்தால் நடு எழும்பி நிற்கும். அதற்கென்று உள்ள குறட்டால், துளைக்கும் துளைக்கும் இடையில் விளிம்பைச் சின்னதாக நெளித்துவிட வேண்டும். பாவாடைக்குச் சுருக்கு வைப்பது மாதிரித்தான், அக்கா பார்த்தவுடனே பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நெளிவுக்கும் விலா மேசையோடு படிகிறதா, விளிம்புத் துளைகள் இழுத்துப் பிடித்த நூலோடு ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துளையில் நெளித்துவிட்டால் ரிவெட் உட்காராது. கூடுதலாக நெளித்தால் மற்றப் பக்கம் வளையும். அப்புறம் விளிம்பு தகட்டுக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மரக்குறட்டால் மெல்ல நிமிர்த்த வேண்டும்.

அதற்குப் பிறகு பிசிர் எடுப்பது. ஒவ்வொரு விளிம்பையும், ஒவ்வொரு துளையையும். என்னைப்போல இரும்பு வேலை செய்கிறவனுக்கு இது வீண் வேலையாகத்தான் தெரிந்தது. கேற்றுக்கு யார் விளிம்பு தேய்க்கிறார்கள்? அத்தான் ஒரு துண்டு அலுமினியத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டு, கீறினதில் வைத்து இரண்டு மூன்று தரம் மடக்கி நிமிர்த்தினார். பிஸ்கட் மாதிரி உடைந்தது. கீறாத துண்டு இன்னும் சில தரம் தாங்கியது. பறக்கும்போது இறக்கை அதிர்ந்துகொண்டே இருக்கும், வெடிப்பு எப்போதும் ஒரு கீறலில்தான் பிறக்கும். அன்றைக்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. விளிம்பில் சுட்டுவிரலை ஓட்டிப் பார்ப்பேன், நகத்தில் ஒன்றும் தட்டாவிட்டால்தான் அடுத்த விலா. இப்போது லான்ட்மாஸ்டர் மட்கார்ட் அடித்தாலும் விரல் தானாக விளிம்பைத் தடவுகிறது.

மருமகன் ஒரு நாள் விலாவில் பென்சிலால் இலக்கம் எழுதிவிட்டான். அத்தான் சத்தம் போட்டார். பென்சில் கரி அலுமினியத்தோடு சேர்ந்து ஈரம் பட்டால் அந்தக் கோட்டிலேயே அரிக்கத் தொடங்குமாம். இரும்புக் கம்பி நாரால் தேய்ப்பதும் கூடாது, இரும்புத் துணுக்கு அலுமினியத்துக்குள் பதிந்து நிற்கும். என் அரங்களில் பாதியும் தகுதி இழந்தன. இரும்பு ராவின அரத்தை அலுமினியத்துக்குத் தொடக்கூடாது. அலுமினியத்துக்கென்று புது அரம் மூன்று வாங்கி, பிடியில் நீலம் அடித்து வைத்திருக்கிறேன். வேலைத்தலத்துப் பொடியன் ஒருவன் அதில் கத்தி தீட்டப் போனான், நல்ல காலம் கண்டுவிட்டேன்.

ரிவெட் அடிப்பதற்கு முதலில் வேண்டாத துண்டுகளில் பழகினோம். எட்டில் ஒரு அங்குல ரிவெட் என்றால், அடித்து முடிந்தபின் பின்பக்கத் தலை அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். ஒருவர் துவக்கு மாதிரியான காற்றுச் சுத்தியலால் ஒரு பக்கம் அடிக்க, மற்றவர் பின்னால் ஒரு இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். காற்றழுத்தம் ஏறக்குறைய 40 இறாத்தல், மோட்டார் சைக்கிள் ரயருக்கு அடிக்கிறதைவிடக் கொஞ்சம் கூட. கட்டி பிடிப்பதில் அக்கா எங்கள் இரண்டு பேரையும் வென்றுவிட்டாள். அளவுக்கருவி வைக்காமலே சத்தத்தை வைத்து, "காணும்" என்பாள். அளந்தால் சரியாக இருக்கும். ரிவெட் நசியும்போது அடியின் சத்தம் மாறுகிறது, அது என் காதுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் அடித்த முதல் நூறில் முப்பத்தேழைத் துளைத்து எடுக்க வேண்டியிருந்தது, கொப்பியில் இருக்கிறது.

அந்தச் சத்தத்தில் நாங்கள் யோசிக்காத ஒன்று இருந்தது. முதல் நாள் பின்னேரம் ஏழு மணிக்கு, இருட்டினபின், முதல் ரிவெட்டை அடித்தோம். டர்ர்ர் என்று மூன்று செக்கன். இரண்டாவது. மூன்றாவது. கொட்டில் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வளவுப் பெரியம்மாவின் மகன். பெரியம்மா கட்டிலுக்குக் கீழே போய்விட்டார், வெளியே வரமாட்டன் என்கிறார் என்றான். அக்கா உடனே ஓடினாள். நானும் போய்க் காற்றுச் சுத்தியலையும் ஒரு ரிவெட்டையும் கையில் கொடுத்துக் காட்டினேன். பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதானோ?" என்றார். அவ்வளவுதான். 2009 வரைக்கும் இங்கே இருந்த ஆட்கள் நாங்கள். எனக்கே அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

இப்போது பின்னேரம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் மட்டும்தான் ரிவெட். தொடங்க முன் மருமகனோ அக்காவோ நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். இப்போதெல்லாம் பெரியம்மாவே மதிலால் எட்டி, "இண்டைக்கு அடிக்கேல்லையோ?" என்று கேட்கிறார்.

இன்னும் சில சில்லறைகள். அத்தான் கொண்டுவந்த மின்சார ஆயுதங்கள் எல்லாம் அங்கத்தைய 120 வோல்ட், இங்கே 230. ஒரு சின்ன அரைப்பு மோட்டாரை நேரே குத்தி எரித்தோம், அது போகட்டும். கொம்பிறசர் இங்கேயே, ரயர்க் கடைக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கினோம். ஒவ்வொரு நாளும் தாங்கியின் அடியில் தண்ணீர் திறந்துவிட வேண்டும். மாரி தொடங்கினால் கோப்பைக் கணக்கில் வரும். குளவிகள் விலாத் துளைகளில் மண்கூடு கட்டத் தொடங்கின. ஈரமண் பட்ட இடத்தில் அலுமினியம் வெளிறிப்போனதைக் கண்டபின் விலாக்களை எல்லாம் பழைய நுளம்பு வலைக்குள் தொங்கவிட்டிருக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் கருவாடு காயவிட்ட மாதிரி. உள்பக்கப் பூச்சு அடிக்கும் வேலையைச் சோளகம் ஓய்ந்தபின் என்று தள்ளிவிட்டோம். செம்பாட்டுத் தூசி பறக்கும்போது பூச்சு அடித்தால் உப்புத்தாள் மாதிரித்தான் வரும்.

எரிபொருள் தாங்கி இறக்கையின் முன் நெற்றிக்குள்ளேயே வருகிறது. அதன் மூட்டுகளுக்குப் பூசும் பசையை இன்னும் வாங்கவில்லை. அதற்குக் காலாவதித் திகதி உண்டு, கலந்தபின் சூட்டிலும் ஈரப்பதத்திலும் சீக்கிரம் இறுகிவிடும். சித்திரை வெயிலில் கலந்தால் தடவ முன்னமே கல்லாகும். மார்கழி விடியலில்தான் அந்த வேலை என்று இப்போதே நாட்காட்டியில் குறித்திருக்கிறார் அத்தான்.

கூரை கற்றுத் தந்த பாடத்தை மருமகன் தகரத்துக்கும் கணக்குப் போட்டுத் தந்தான். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். 12 அடித் தகடு 15 பாகைக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் நீளும். எலும்புக்கூடும் தகடும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும், பிரச்சினை இல்லை. தகட்டை வெயில் பட்ட கதவோரம் வைத்திருந்து, நிழலில் நிற்கும் எலும்புக்கூட்டில் கொண்டுவந்து பூட்டினால் ஒரு முனையில் துளை பொருந்தும், மற்ற முனையில் பொருந்தாது. பொருந்தவில்லை என்று துளையை அகட்டப் போனால் கெட்டது காரியம். ஆகவே தகடு முதல் நாள் இரவே எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் வந்து படுக்க வேண்டும். இதைக் கரியால் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறேன். சுவரில் கரி பரவாயில்லை.

நாளை விடிய ஐந்தரைக்கு ஸ்பாரைத் தூணில் ஏற்றுகிறோம். ஆறு பேர் வேண்டும் என்கிறார் அத்தான். நாலு பேர் காணும் என்பது என் கணக்கு. அக்கா ஆறு பேருக்குப் புட்டு அவிக்கிறாள். மேசன் அண்ணர் நீர்க்குழாயை இன்று பின்னேரமே கொண்டுவந்து கொட்டிலில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், தண்ணீரும் குழாயும் இரவிரவாகக் கொட்டில் சூட்டுக்கு வரட்டுமாம்.